காளை எறும்புக்கு எந்த வீடு: அக்ரிலிக்கா, பிளாஸ்டரா, மண் தொட்டியா?

வீட்டில் எறும்பு வளர்ப்பவர்களுக்கான ஒப்பீடு இது. 'புல் எறும்பு' (bull ant) என்று ஆங்கிலப் பெயரை அப்படியே எழுதினால் ஏதோ புல்லில் மேய்கிற பூச்சி மாதிரி இருக்கிறது. அதனால் காளை எறும்பு என்றே சொல்கிறேன். மிர்மீசியா பேரினம். 90-க்கும் மேற்பட்ட வகைகளில், நியூ கலிடோனியாவில் இருக்கும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. பெரிய வகைகளில் வேலைக்கார எறும்பே 2 சென்டிமீட்டரைத் தாண்டும்.

பார்க்க அழகு என்றால் அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) கூடுதான். ராணி, முட்டை, புழு எல்லாம் கண்ணெதிரே தெரியும். சிக்கல், அவையும் நம்மைப் பார்க்கும் என்பது. பெரிய கண், கூர்மையான பார்வை. கையை அசைத்தால் போதும், நாலைந்து எறும்பு தாடையை விரித்துக்கொண்டு ஓடிவரும். மேலே ஓர் அட்டையைப் போட்டு மூடத்தான் வேண்டும். அப்புறம் கண்ணாடி மாதிரி வீடு எதற்கு?

அதைவிடப் பெரிய குறை வழுக்கும் தரை. காளை எறும்பின் புழு தன்னைச் சுற்றிப் பட்டு நூற்றுக் கூடு கட்டும் சாதி. நூல் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். மண் இருந்தால் வேலைக்கார எறும்புகள் முற்றிய புழுவைச் சுற்றித் துகள்களைக் குவித்துப் புதைத்துவிடும். புழு உள்ளே இருந்தபடி நூற்கும். நூற்று முடித்ததும் தோண்டி எடுத்து, ஒட்டிய மண்ணைச் சுத்தம் செய்து அடுக்கி வைக்கும். வெறும் தரையில் விட்டால் புழு தலையை இங்கும் அங்கும் ஆட்டி நூலை வீணாக்கும், கூடு உருப்படாது. அக்ரிலிக் வாங்கியே தீருவேன் என்பவர்கள் அறைக்குள் கொஞ்சம் நுண்மணலாவது தூவிவிடுங்கள்.

பிளாஸ்டர் கூடு நடுத்தரம். தண்ணீரை உறிஞ்சி ஈரத்தை மெல்ல விடும், காலுக்கும் பிடிமானம். ஆனால் தின்று மீந்த பூச்சித் துண்டு உள்ளே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தம் செய்ய மொத்தக் கூட்டத்தையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். இது சாதாரண எறும்பு கிடையாது: தாடையால் கவ்விக்கொண்டு வயிற்றை வளைத்துக் கொட்டும், திரும்பத் திரும்பக் கொட்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. டாஸ்மேனியாவில் இதன் உறவான 'ஜாக் ஜம்பர்' கொட்டி இறந்தவர்கள் உண்டு. திறக்க வேண்டிய தேவை எந்த வீட்டில் குறைவோ, அதற்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

அந்தக் கணக்கில் மண் தொட்டிதான் முதல். மணலும் களிமண்ணும் கலந்து நிரப்பி, ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். ஈரமான இடம், காய்ந்த இடம் இரண்டும் இருக்கும். முட்டையை எங்கே வைப்பது என்று அவையே முடிவு செய்யும். குறை? ராணியை மாதக்கணக்கில் பார்க்க முடியாது. ஆனால் வேட்டை முழுக்க மேலேதான். தனித்தனியாக வரும், தேன் தண்ணீர் தனக்கு, வெட்டுக்கிளி புழுவுக்கு.

ஒற்றை ராணியோடு தொடங்குபவருக்கு மட்டும் தொட்டி வேண்டாம், தொலைந்துபோகும். சோதனைக் குழாயில் சிட்டிகை மண் போட்டு, வாயை ஒரு சின்னப் பெட்டியோடு இணையுங்கள். மூடியே வைத்தால் பட்டினிதான். முதல் குஞ்சுகளை வளர்க்கும்போதே இந்த ராணி தானாக வெளியே வந்து இரை தேடும்.