பழைய வோல்வோ 940 எஸ்டேட்டில் சூப்பர்சார்ஜர்: வீட்டிலேயே பொருத்தி, நெடுநாள் ஓட்டியதில் தெரிந்தவை

குடும்பக் காருக்கு சூப்பர்சார்ஜர் வைப்பது என்றாலே எந்த மாடல், எத்தனை பூஸ்ட் என்றுதான் பேச்சு தொடங்கும். சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினிலிருந்து பெல்ட்டால் சுழன்று, காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும் பம்ப்; அது கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட். நெடுநாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் அந்த இரண்டாலும் பெரிய தொல்லை வருவதில்லை. தொல்லை பெல்ட்டில் வருகிறது. பெல்ட் ஓடும் பாதை, சூப்பர்சார்ஜரைத் தாங்கும் பிராக்கெட், பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லி, இந்த மூன்றுக்கும் மொத்த வேலையில் பாதி நேரத்தை ஒதுக்குங்கள். குழாய் வேலையும் மற்றதும் மீதிப் பாதியில் முடிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொண்டது பி230எஃப் இன்ஜின் உள்ள 940 எஸ்டேட் (பின்னால் சாமான் இடம் நீண்ட வகைக் கார்). 2,316 சிசி, நான்கு சிலிண்டர், 8 வால்வு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் விகிதம்) 9.8:1. நீளவாக்கில் உட்கார்ந்த இன்ஜின், பின்சக்கர இயக்கம், பானெட்டுக்குள் கை நுழைய தாராளமான இடம். வீட்டில் வேலை செய்கிறவருக்கு இதைவிட இணக்கமான இன்ஜின் கிடைப்பது கஷ்டம். டைமிங் பெல்ட் அறுந்தால்கூட இந்த 8 வால்வு இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. 940-களில் கனெக்டிங் ராடு 13 மி.மீ. வகை. இதே இன்ஜினோடு 740 வைத்திருப்பவர்கள் 1990-க்கு முந்தைய மாடலா என்று முதலில் பாருங்கள். அதில் இருப்பது மெலிந்த 9 மி.மீ. ராடு, பூஸ்ட் கொடுக்க அதை நம்பக் கூடாது.

இதற்குப் போட்டது ஈட்டன் நிறுவனத்தின் எம்62 சூப்பர்சார்ஜர்; அது ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அது ஒரு சுற்றுக்கு 62 கன அங்குலம், அதாவது 1,016 சிசி காற்றைத் தள்ளும். இன்ஜின் கிராங்கின் ஒரு சுற்றுக்கு 1,158 சிசி இழுக்க வேண்டும்; 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் சுமார் 985. கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது சூப்பர்சார்ஜர் 1.6 சுற்று சுற்றினால், உள்கசிவு போக 1,460 சிசி வரும். 1,460-ஐ 985-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.48. இன்டர்கூலர் (அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிர்விப்பது), குழாய் இழப்பெல்லாம் போக 0.4 பாருக்குக் கொஞ்சம் மேலே பூஸ்ட் நிற்கும். 5,500 ஆர்பிஎம்மில் சூப்பர்சார்ஜர் 8,800-தான் சுற்றும். அதன் வரம்பு 14,000. இதே காற்றை மினி கூப்பர் எஸ் காரில் வந்த சிறிய எம்45-இல் எடுக்க வேண்டுமென்றால் அதை 12,000-க்கு மேல் விரட்ட வேண்டும்; சூடும் சத்தமும்தான் மிச்சம். பழைய மெர்சிடிஸ் சி230 கம்ப்ரெஸரில் வந்த எம்62-இல் மின்காந்த கிளட்ச் இருக்கும். கிளட்ச் தேய்ந்திருந்தால் அதைக் கழற்றி நேரடி புல்லி போடுவது உத்தமம்.

இனி கிராங்க் புல்லி. இந்த வேலையில் பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒரிஜினல் புல்லி ஒரே உலோகத் துண்டு அல்ல. நடுவில் ஹப், வெளியே வளையம், இடையில் ரப்பர் ஒட்டு. வயதான ரப்பர் பிடி விட்டு, வெளிவளையம் மெல்ல நழுவும். ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் மட்டும் ஓட்டும்வரை இது கண்ணில் படாது. இந்த இன்ஜினில் இக்னிஷனுக்கான சென்சார் ஃப்ளைவீல் பக்கம் இருப்பதால் கார் ஒழுங்காகவே ஓடும். புல்லியில் உள்ள டைமிங் கோடு மட்டும் பொய் சொல்லும். அதை நம்பி டைமிங் லைட் பிடித்தால் எல்லாமே தப்பாகும். ஹப்பிலிருந்து வளையம்வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு நேர்கோடு இழுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டாகத் தெரிந்தால் புல்லி போய்விட்டது. புதியது போட்ட பிறகும் சூப்பர்சார்ஜருக்கான புல்லியை அந்த வளையத்தில் மாட்டக் கூடாது. ஹப்பில்தான் போல்ட் போட வேண்டும். முழு பூஸ்ட்டில் சூப்பர்சார்ஜர் 10 முதல் 12 கிலோவாட் வரை இழுக்கும். அதை ரப்பர் ஒட்டின் மேல் ஏற்றினால் நிற்காது.

இந்தக் காரின் ஒரிஜினல் பெல்ட்டுகள் பழைய வி-பெல்ட் வகை. அவற்றைத் தொடாமல் அப்படியே விட்டு, சூப்பர்சார்ஜருக்கு மட்டும் தனியாக ஆறு வரி ரிப் பெல்ட் போடுவது நல்லது. 140 மி.மீ. கிராங்க் புல்லியை லேத்தில் கடைந்து, சூப்பர்சார்ஜரில் 87 மி.மீ. புல்லி போட்டால் 1.6 விகிதம் வந்துவிடும். தனிப் பெல்ட்டால் ஒரு பெரிய நிம்மதி உண்டு. நடுவழியில் அறுந்தாலும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். பைபாஸ் (சூப்பர்சார்ஜரைத் தவிர்த்துக் காற்று போகும் மாற்றுக் குழாய்) வழியே காற்று இழுத்துக்கொண்டு கார் மெதுவாக வீடு வந்து சேரும்.

டென்ஷனர் (ஸ்பிரிங்கால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்) எந்தப் பக்கம் என்பதில் குழப்பமே வேண்டாம். கிராங்கிலிருந்து புறப்பட்டு சூப்பர்சார்ஜருக்குப் போகும் பக்கம் தளர்ந்த பக்கம். டென்ஷனர் அங்கேதான் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் ஸ்பிரிங் நசுங்கி பெல்ட் தொளதொளக்கும். சூப்பர்சார்ஜர் புல்லியைப் பெல்ட் குறைந்தது அரைச் சுற்றாவது தழுவ வேண்டும். அதற்கு ஐட்லர் (பெல்ட்டைத் திருப்பிவிட மட்டும் சும்மா சுழலும் சக்கரம்) தேவைப்படும். ஐட்லரின் அளவிலும் கணக்கு இருக்கிறது. 5,500 ஆர்பிஎம்மில் பெல்ட் வினாடிக்கு 40 மீட்டர் ஓடுகிறது. 60 மி.மீ. ஐட்லர் அப்போது 12,800 சுற்று சுற்றும். ரப்பர் சீல் போட்ட 6203 பேரிங்கின் வரம்பே 12,000 அளவில்தான். 80 மி.மீ. போட்டால் 9,600. கீச்சென்று சத்தம் போட்டுச் சாகும் ஐட்லர்களில் பெரும்பாலானவை இப்படிச் சிறியதாகப் போட்டவை.

பிராக்கெட்டை முதலில் அட்டையில் வெட்டுங்கள், பிறகு பிளைவுட்டில். பானெட்டை மூடிப் பார்த்து எங்கும் இடிக்கவில்லை என்று உறுதியான பிறகே உலோகம். 12 மி.மீ. அலுமினியத் தகடு போதும். இன்ஜின் பிளாக்கில் குறைந்தது மூன்று இடத்தில் பிடிக்க வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்டில் ஆடுவதால் காரின் பாடியோடு எதையும் இணைக்கக் கூடாது. சூப்பர்சார்ஜரின் முன்பக்கத்தை மட்டும் பிடித்துவிட்டு வால்பக்கத்தை அந்தரத்தில் விடுவது பரவலான தவறு. சில மாதம் தாங்கும். பிறகு தகட்டின் மூலையில் மயிரிழைபோல ஒரு விரிசல் தோன்றும். வால்பக்கத்துக்கும் ஒரு தாங்குகால் கொடுங்கள். எல்லாம் இறுக்கிய பிறகு நேர்ச்சட்டத்தைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள்: 30 செ.மீ. தூரத்துக்கு 1 மி.மீ. விலகல்வரை பொறுக்கலாம்.

காற்றுப் பாதையில் த்ராட்டில் பாடி (ஆக்ஸிலரேட்டரோடு திறந்து மூடும் காற்றுக் கதவு) சூப்பர்சார்ஜருக்கு முன்னால் வர வேண்டும். வரிசை இது: ஏர் ஃபில்டர், ஏர் மாஸ் மீட்டர், த்ராட்டில், சூப்பர்சார்ஜர், இன்டர்கூலர், மேனிஃபோல்டு. பைபாஸ் குழாய் இன்டர்கூலருக்குப் பின்னிருந்து கிளம்பி, த்ராட்டிலுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில் வந்து சேரும். அப்போது சுற்றி வரும் காற்றை மீட்டர் இரண்டாவது முறை எண்ணாது. ஐட்லிங் வால்வின் வெளிவாயையும் இதே நடுப்பகுதிக்கு மாற்றுங்கள். பழையபடி மேனிஃபோல்டில் விட்டால் பூஸ்ட் அதன் வழியே பின்னோக்கி ஓடும். இன்டர்கூலருக்கு அலைய வேண்டியதில்லை. 940 டர்போவில் ரேடியேட்டருக்கு முன்னால் வந்தது அதே இடத்தில் உட்காரும். அதைத் தவிர்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 30 டிகிரி காற்று இந்த பூஸ்ட்டில் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெளிவரும். 9.8 கம்ப்ரஷனில் அதை நேராக உள்ளே விட்டால் நாக்கிங் (கலவை சூட்டில் தானாகவே வெடித்து இன்ஜினைக் கெடுப்பது) நிச்சயம்.

பைபாஸ் வால்வு சின்னப் பொருள்தான். குடும்பக் காரில் மைலேஜ் காப்பாற்றுவது அதுவே. மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும்வரை திறந்திருந்து காற்றைச் சுற்றவிடும். நிதானமாக ஓடும்போது சூப்பர்சார்ஜர் தின்னும் சக்தி ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு. அதன் டயஃப்ரம் கிழிந்தால் வால்வு மூடியே கிடக்கும். முழு வேகத்தில் இழுவை குறையாது என்பதால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணமாகப் போகும்போதே ஊளைச் சத்தம் கூடுவதும், உள்காற்றுச் சூடு ஏறுவதும், மைலேஜ் இறங்குவதும்தான் அடையாளம். ஐட்லிங்கில் அதன் தண்டு முழுதாக உள்ளே இழுபட்டிருக்கிறதா என்று பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இந்த இன்ஜினின் பிரீதர் பெட்டியும் (இன்ஜினின் உள்ளழுத்தத்தை வெளியேற்றும் பெட்டி) அதன் ஃபிளேம் ட்ராப்பும் (தீ உள்ளே போகாமல் தடுக்கும் வடிகட்டி) அடைத்துக்கொள்வது பழைய கதை. பூஸ்ட் சேர்ந்தால் அது விலையுள்ள கதை ஆகும்: உள்ளழுத்தம் பின் கிராங்க் ஆயில் சீலைத் தள்ளும்; அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டிப் பாருங்கள். கையுறை உள்ளே உறிஞ்சப்பட்டால் சரி. ஐந்து விரலும் விறைத்து எழுந்தால் அடைப்பு. மேனிஃபோல்டுக்குப் போகும் சிறிய குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். பெரிய குழாயை த்ராட்டிலுக்கு முன்னால் இணையுங்கள்.

எரிபொருளில், 160 குதிரைத்திறன் அளவுக்கு நிமிடத்துக்கு 300 சிசி இஞ்செக்டர் வேண்டும். பிரஷர் ரெகுலேட்டரின் சிறு குழாய் சூப்பர்சார்ஜருக்குப் பின்னால், மேனிஃபோல்டில்தான் இணைய வேண்டும். தவறிப்போய் முன்னால் இணைத்தால் 0.4 பார் பூஸ்ட்டில் இஞ்செக்டருக்குக் கிடைக்கும் 3 பார் அழுத்த வித்தியாசம் 2.6 ஆகி, பெட்ரோல் சரியாக ஆபத்தான நேரத்தில் 7 சதவீதம் குறையும். பூஸ்ட்டில் காற்று-பெட்ரோல் கலவை 12:1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வைட்பேண்ட் சென்சார் (கலவையின் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார்) இல்லாமல் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒரிஜினல் ஆக்ஸிஜன் சென்சார் இதற்கு உதவாது.

பூஸ்ட்டில் நாக்கிங்கைத் தவிர்க்க, ஸ்பார்க் நேரத்தைத் தாமதப்படுத்த வேண்டும். அப்படி இக்னிஷனைப் பின்தள்ள டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பயனில்லை. நேரத்தை முடிவு செய்வது ஃப்ளைவீல் சென்சாரும் கம்ப்யூட்டரும். டர்போ வகையின் இஞ்செக்டரையும் ஃபியூயல், இக்னிஷன் கம்ப்யூட்டர்களையும் ஒன்றாக மாற்றுவது ஒரு வழி. ஆனால் டர்போ இன்ஜினின் கம்ப்ரஷன் 8.7 மட்டுமே, 9.8-க்கு அதன் டைமிங் இன்னும் முந்தியே நிற்கும். சிப்பைத் திருத்தி எழுதவோ புரோகிராம் செய்யும் கம்ப்யூட்டர் போடவோ வேண்டும். 0.07 பார் பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி வீதம், 6 டிகிரி பின்தள்ளித் தொடங்குங்கள். ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், இடைவெளி 0.7 மி.மீ. பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையக் கூடாது; 98 கிடைத்தால் அதையே போடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டை சூப்பர்சார்ஜர் பெல்ட் இல்லாமலே செய்யுங்கள். பைபாஸ் வழியாக இன்ஜின் ஐட்லிங் பிடிக்கும். வெற்றிடக் கசிவுகளை நிதானமாகத் தேடலாம். பிறகு பெல்ட்.

நாள்பட ஓட்டும்போது பூஸ்ட் மீட்டரே நல்ல மருத்துவர். இந்த வகை சூப்பர்சார்ஜரின் பூஸ்ட் கோடு ஏறக்குறைய தட்டையாக இருக்கும். 3,000-இல் 0.4 காட்டி 4,500-இல் 0.3-க்கு இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். டென்ஷனரைச் சுற்றிக் கறுப்புத் தூள், பெல்ட் வரிகளில் கண்ணாடிபோல மினுமினுப்பு, இரண்டும் சேர்ந்தே இருக்கும். இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், சூப்பர்சார்ஜரின் மூக்குப் (புல்லி மாட்டிய முன்பகுதி) பேரிங் போய்விடும். நேர்கோட்டையும் தழுவும் கோணத்தையும் சரிபாருங்கள். ஐட்லிங்கில் கோலிக்குண்டு உருள்வதுபோல் கடகடத்தால் உள்ளே ஸ்பிரிங் கப்ளர் (புல்லித் தண்டையும் ரோட்டரையும் இணைக்கும் பாகம்) தேய்ந்திருக்கிறது. மாற்றுவது ஒரு மதிய வேலை; அதற்குரிய ஆயிலையும் அப்போதே மாற்றிவிடலாம். மூக்கு மட்டமாக இருக்கும்போது ஊற்றும் துளையின் விளிம்புவரை மட்டும் ஊற்றவும். அதிகமானால் முன் சீல் வழியே கசிந்து, நேராகப் பெல்ட்டில் வந்து விழும்.

ஓட்ட எப்படி இருக்கிறது? ஐந்து பேரும் பின்னால் நிறைய மூட்டை முடிச்சும் ஏற்றி மலைப்பாதையில் போகும்போதுதான் இதன் அருமை தெரியும். குறைந்த ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை வந்துவிடும். கியரை இறக்காமல் வளைவிலிருந்து ஏறலாம். மேல்வேகத்தில் மட்டும் பலம் வேண்டும் என்றால் 165 குதிரைத்திறன் தந்த டர்போ வகையின் பாகங்களே மலிவான, எளிய வழி. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியர் ஆயிலுக்குத் தனி கூலர் கட்டாயம். மேனுவலில் பழைய கிளட்ச் வழுக்கத் தொடங்கும். மாற்றத்தை இன்ஷூரன்ஸுக்கும் வாகனப் பதிவுக்கும் தெரிவித்துவிடுவது முதல் வேலையாக இருக்கட்டும்.

பழகியபின் சிறிய புல்லி போடும் ஆசை வரும். 78 மி.மீ. போட்டால் விகிதம் 1.8, பூஸ்ட் 0.65 பாரை எட்டும், வெளிவரும் காற்று 115 டிகிரியைத் தொடும். ஒரிஜினல் பிஸ்டனோடு இந்த இன்ஜினில் அதைச் செய்யாதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு உபரி பெல்ட், ஒரு உபரி ஐட்லர், டென்ஷனரைத் தளர்த்தும் ஸ்பேனர் மூன்றையும் வாங்கி ஸ்பேர் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.