கோழிக்கூண்டுக்கு மருந்தடிக்க ஆள் கூப்பிடுகிறீர்களா? லேபிளைப் பார்க்காமல் விடாதீர்கள்

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். பேன், செள்ளு ஒழிப்பதாகச் சொல்லி வந்த ஒருவர் எங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, முட்டையையும் சாப்பிட முடியாதபடி செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

கோழிகளுக்குக் கொண்டை வெளிறி, முட்டை குறைந்திருந்தது. பொழுது சாய்ந்தால் கூண்டுக்குள் அடைய மறுத்தன. கூண்டை ஒட்டிய அறையில் படுத்தவர்களுக்கும் அரிப்பு. வந்தவர் பட்டப்பகலில் ஒரு கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்து, "பேன்தாங்க" என்றார். எல்லாக் கோழி மேலும் தெளித்தார். மெத்தைக்கு மூட்டைப்பூச்சி மருந்து என்று தனிக் கட்டணம். கூண்டின் மரச்சட்டத்தைத் தொடக்கூட இல்லை.

பேன் என்றால் பகலிலும் கோழி மேலேயே இருக்கும். ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் ஈர் கொத்தாக ஒட்டியிருக்கும். எங்கள் கோழிகளில் அது எதுவுமே இல்லை.

அரிப்பு நிற்கவில்லை. இரவில் டார்ச்சோடு போய், கோழிகள் உட்காரும் கம்பு சட்டத்தில் சேரும் இடத்தைக் கத்தியால் சுரண்டினேன். சாம்பல் மாதிரி உதிர்ந்தது. வெள்ளைத்தாளில் அந்தச் சாம்பல் நகர்ந்தது. விரலால் தேய்த்தால் ரத்தக்கோடு. சிவப்புச் செள்ளு! 1 மி.மீ. அளவுகூட இருக்காது. பகலில் மர இடுக்கில் பதுங்கி, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். நல்ல வெப்பம் இருந்தால் சுமார் 7 நாளில் அடுத்த தலைமுறை தயார். இரை இல்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மனிதரைக் கடிக்கும், ஆனால் நம்மை நம்பிப் பெருகாது. ஆக மெத்தைக்கு அடித்தது தண்டச்செலவு. இடுக்குகளைச் சுரண்டிக் கழுவி மருந்தடிக்காமல் கோழியை நனைத்து என்ன பயன்?

எனக்கு இதைவிட ஆத்திரம் அந்தப் பாட்டில் மேல்தான். லேபிளே கிடையாது. கேட்டதற்கு, "முழுக்க மூலிகைங்க, யூகலிப்டஸ்" என்றார். 2017இல் ஐரோப்பாவில் நடந்தது இதேதான். நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் இதே சிவப்புச் செள்ளுக்கு யூகலிப்டஸ், மெந்தால் கலவை என்று அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. உணவுக்கான கால்நடைகளுக்கு அங்கே அது தடைசெய்யப்பட்டது. லட்சக்கணக்கான முட்டைகளைக் கொட்டி அழித்தார்கள்.

மறுபடி போன் செய்தேன். மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. "இன்னொரு தடவை அடிக்கணும், அதுக்குத் தனிக் காசு" என்றார். முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டால், மருந்தின் பெயர் தெரியாமல் எப்படிச் சொல்வது என்கிறார். இடுகிற முட்டையை எல்லாம் இப்போது குழியில்தான் போடுகிறோம்.