சுவருக்குள் அறுந்த ஒரு வயருக்கு 12,400 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள்

மும்பையில் செம்பூர், காட்கோபர், முலுண்ட் பக்கம் ஆப்பில் ஏசி மெக்கானிக் புக் பண்ணுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நேற்றுதான் உண்மை தெரிந்தது, இன்னும் கை நடுங்குகிறது. போனது 12,400 ரூபாய்.

ஹாலில் ஷெல்ஃப் மாட்ட வந்த கார்ப்பென்டர், ஏசியின் குழாயும் வயரும் போகிற வெள்ளைப் பட்டையை ஒட்டி டிரில் போட்டார். பிட் வழுக்கி உள்ளே இறங்கிவிட்டது. வெளியே எடுத்தபோது அதன் நுனியில் ஒரு செம்பு இழை சுருண்டு ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு ஏசியைப் போட்டால் உள்ளே ஃபேன் மட்டும் ஓடும், குளிர் வராது, வெளியே கம்ப்ரசர் சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் டிஸ்ப்ளேயில் ஈ6 என்று வரும். எங்கள் மாடலின் கையேட்டில் அதற்கு அர்த்தம், உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் தொடர்பு இல்லை என்பது.

மும்பை மே மாதப் புழுக்கம், மாமியாருக்கு மூச்சிரைப்பு வேறு. வீட்டுக்கே ஆள் அனுப்புகிற ஒரு பிரபல ஆப்பில் புக் பண்ணினோம். வந்த பையன் சாமி படத்தைப் பார்த்ததுமே, "அக்கா, நீங்க தமிழா? நாங்களும் திருநெல்வேலிதான், தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம்" என்றான். மாமியாருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்து, அம்மா எப்படி இருக்கிறாள் என்று வரை விசாரித்தார். டிரில் ஓட்டையை நானே விரல் வைத்துக் காட்டினேன். "பார்த்துக்கறேன் அக்கா, நம்ம வீடு மாதிரி" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவனை நம்பினோம்.

"வயர் ஷார்ட் ஆனதுல போர்டு போயிடுச்சு அக்கா, கேஸும் கம்மியா இருக்கு" என்றான். போர்டு (ஏசியை இயக்குகிற சர்க்யூட் போர்டு) 8,900, கேஸ் (குளிரவைக்கிற வாயு) 3,000, விசிட் 500. மொத்தம் 12,400 ரூபாய். பழைய போர்டு என்று ஒன்றைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். ஏசி ஓடியது. மூன்றாம் நாள் ராத்திரி மறுபடி ஈ6, கூடவே பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம்.

கூப்பிட்டால், "அக்கா, விரார்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்." அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஆப் சாட்டில் கேட்டால், வந்தவர் எங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர் என்றார்கள். அடுத்து வேறொரு பெயரில் ஒருவர், போட்டோ அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். பதிலே இல்லாமல் புகாரை மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தால், அடுத்த புக்கிங்குக்கு 200 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்கிறார்கள். நான் இழந்தது 12,400 ரூபாய், இவர்கள் தருவது கூப்பன்!

கடைசியில் எங்கள் பில்டிங் எலக்ட்ரீஷியன் வந்தார், அவரைக் காகா என்றுதான் கூப்பிடுவோம். மெயினை அணைத்துவிட்டு முதலில் அந்த வெள்ளைப் பட்டையைத்தான் திறந்தார். உள்ளே அறுந்த வயர்களை வெறும் கையால் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தான். டேப் உருகிக் கருகிப் பிசுபிசுவென்று இருந்தது. அதாவது, அவனுக்குத் தெரிந்திருக்கிறது! வயர்தான் கோளாறு என்று தெரிந்து, அதைச் சுற்றி மறைத்துவிட்டு, போர்டு போச்சு என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறான். வெளி யூனிட்டுக்குக் கரண்டும் அதே வயர்க்கொத்து வழியாகத்தான் போகிறது. இப்படி லூசாக முறுக்கிய இடம் சூடாகித் தீப்பிடித்திருந்தால்? அந்தச் சுவரை ஒட்டித்தான் மாமியார் கட்டில்.

காகா உள் யூனிட்டைத் திறந்து "புது" போர்டையும் காட்டினார். அதன் மேல் இரண்டு வருடத் தூசி, ஓரத்தில் காய்ந்த பல்லி எச்சம். போர்டை மாற்றவே இல்லை. கேஸ் பற்றிக் கேட்டேன். அது மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, குழாயிலோ இணைப்பிலோ கசிவு இருந்தால்தான் குறையும், இருந்தால் அந்த இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கசிவு தெரியும் என்றார். குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. வயர்களை இரண்டு பக்கமும் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். அறுபடாத வயர் என்றால் பீப் வரும். ஒன்றில் வந்தது, இரண்டு யூனிட்டையும் பேச வைக்கிற சிக்னல் வயரில் வரவில்லை. நடுவில் ஜாயின்ட் இல்லாமல் முழு நீளத்துக்கும் புது செம்பு கேபிள் இழுத்தார். கூலியோடு 1,350 ரூபாய். ஏசி ஓடுகிறது.

அவசரமாகச் சில விஷயம் மட்டும் சொல்கிறேன். டிரில் வயரில் பட்டால் உடனே மெயினை அணையுங்கள், ஏசியைப் போட்டுப் பார்க்காதீர்கள். போர்டு, கேஸ் என்று யார் ஆரம்பித்தாலும் முதலில் வயரை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏசி வாரண்டியில் போர்டுக்குத் தனியாக வருடங்கள் இருக்கலாம், கார்டைப் பாருங்கள். பழைய பாகத்தை எடுத்துப் போக விடாதீர்கள். பில் இல்லாமல் பணம் வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அங்கே 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. 12,400 ரூபாயை விடப்போவதில்லை. நானும் உங்க ஊர்தான் என்று பேசி இதே மாதிரி போர்டு மாற்றியதாக யாருக்காவது பில் போட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.