பழைய தேக்கு வேலைப்பாட்டுக்கு எந்தப் பூச்சு?

சென்னையில் ராயபுரம், மண்ணடி பக்கத்துப் பழைய வீடுகளில் சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு அறைக்குத்தான் அடி அதிகம். தாளிப்புப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, கடலிலிருந்து வரும் உப்புக்காற்று எல்லாம் அங்கேதான் படியும். பர்மா தேக்கில் செதுக்கிய போதிகை (தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கும் கட்டை), நிலைக்கு மேல் பூவேலை, சுவர் அலமாரிக் கதவு என்று எதைத் தொட்டாலும் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பெயின்ட்தான் கையில் படும்.

புதுப்பிக்க மூன்று வழி உண்டு: மறுபடி எனாமல், சுரண்டிவிட்டு ஸ்பிரிட் பாலிஷ், இல்லையென்றால் பியூ, அதாவது பாலியூரிதேன் பூச்சு. கழற்றி விற்றுவிட்டு, மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் லேமினேட் ஒட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். சாதாரண எம்டிஎஃப் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். 2015லும் 2023 டிசம்பரிலும் வீட்டுக்குள் வெள்ளம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

எனாமல் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஒவ்வொரு கோட்டும் செதுக்கலை மழுங்கடிக்கிறது. இதழுக்கும் இதழுக்கும் நடுவிலுள்ள பள்ளம் தூர்ந்து, பூ வெறும் மேடாகிவிடும். கரையான் அரித்து, பட்டி வைத்து ஒட்டுப்போட்ட பகுதிக்கு மட்டும் அது சரி.

ஸ்பிரிட் பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் மெல்லியதாக ஏற்றுவது. செதுக்கலின் கூர்மை அப்படியே நிற்கும், தேக்கின் ரேகை உள்ளிருந்து தெரியும். பின்னால் மங்கினாலும் முழுக்கச் சுரண்ட வேண்டாம். புதுப் பூச்சு பழையதைக் கொஞ்சம் கரைத்து அதோடு கலந்துகொள்ளும். ஆனால் சூடு தாங்காது. கொதிக்கும் ரசப் பாத்திரத்தை மேசையில் வைத்து எடுத்தால் வெள்ளை வளையம் விழுந்துவிடும்.

அந்த இடத்தில் பியூதான் ஜெயிக்கும். சூடு, ஈரம், புளிக்கறை எல்லாவற்றையும் அது நன்றாகவே தாங்கும். ஆனால் செதுக்கலில் அடித்தால் பள்ளங்களில் தேங்கி பிளாஸ்டிக் மாதிரி மின்னும். உரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் முதலில் தின்னரால் துடைக்கச் சொல்லுங்கள்.

என் தேர்வு இரண்டும் கலந்தது: போதிகை, பூவேலை, கதவின் செதுக்கல்களுக்கு ஸ்பிரிட் பாலிஷ், மேசைப் பலகை, அலமாரித் தட்டு, கைகழுவும் இடத்தை ஒட்டிய சட்டங்களுக்குப் பளபளப்பில்லாத மேட் பியூ.

எதைத் தேர்ந்தாலும் சுரண்டும் வேலையில் அவசரம் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. எனவே மெஷின் வைத்து உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விட வேண்டாம். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் மூங்கில் சீவலாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் பள்ளம் பள்ளமாக எடுக்க வேண்டும். கூலி கூடும்தான், ஆனால் இரும்புச் சுரண்டி பட்டால் இதழின் விளிம்பு போய்விடும்.

அப்புறம் சுவர். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி, சுவருக்குள் இருக்கும் நிலையையும் உத்திர முனையையும் உளுக்க வைக்கும். சுண்ணாம்பாலேயே பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு மரத்தில் கை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரிட் பாலிஷ் பூத்து வெளுத்துவிடும். பாலிஷ்காரரைத் தைக்கு அப்புறம் வரச் சொல்லுங்கள்.