முழங்கால் தண்ணீரில் எது தேறும்: பெட்ரோலா, மின்சாரமா, மேம்பாலமா?

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே சென்னை வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்து ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பட்ட பாடு அப்படி. எங்கள் குடியிருப்பில் மின்சாரக் கார் வைத்திருப்பவர் மட்டும் வண்டியை எடுக்கவில்லை. "நம்ம வண்டி ஐபி67 சார், தண்ணிக்குள்ளயே ஓட்டலாம்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது என்று அர்த்தம். ஆனால் அந்தச் சான்று பேட்டரிப் பெட்டிக்கும் மோட்டாருக்கும்தான், முழுக் காருக்கு அல்ல. சோதனையில் தண்ணீர் அசையாமல் நிற்கும். நம் சாலையில் பக்கத்தில் ஒரு மாநகரப் பேருந்து போனாலே அலை வந்து பானெட்டில் மோதும்.

பெட்ரோல் காரின் கதை நமக்குப் பழகியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் பழைய வண்டி நடுரோட்டில் நின்றது. பதற்றத்தில் சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். அதுதான் தப்பு. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது காற்றை அமுக்குவதுபோல் தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்ற வண்டியை அப்படியே விட்டிருந்தால் தண்ணீரை எடுத்துவிட்டு, ஆயில் மாற்றி, பிழைக்க வைத்திருக்கலாம். சாதாரண காப்பீட்டில் இந்த இன்ஜின் சேதத்தைப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள், அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மின்சாரக் காரில் இந்த வில்லங்கம் கிடையாது. மூச்சு விடக் காற்று வேண்டாம், சைலன்சர் இல்லை, கிளட்ச் இல்லை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடக்கும் வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டபடி ஒரே சீராக ஊர்ந்து போகலாம். முதல் கியரில் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு போகும் பெட்ரோல்காரருக்கு இந்த நிம்மதி இல்லை. ஷாக் அடிக்கும் என்ற பயத்துக்கும் பெரிய அடிப்படை இல்லை. உயர் மின்னழுத்தச் சுற்றின் எந்த முனையும் காரின் உடலோடு இணைக்கப்படவில்லை. மின்காப்பு (இன்சுலேஷன்) குறைவதாக உணர்ந்தால் வண்டியே எச்சரிக்கும், தேவைப்பட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஆனால் எனக்குப் பயமே இந்த நிம்மதியைப் பார்த்துத்தான். பெட்ரோல் வண்டி இருமும், திணறும், 'போதும், திரும்பு' என்று எதையாவது காட்டிக்கொடுக்கும். மின்சார வண்டி சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டுபவர் இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று ஆழத்துக்குள் போய்விடுவார். பேட்டரி தாங்கலாம். ஆனால் அதே காரில் சாதாரண 12 வோல்ட் பேட்டரியும், கதவுப் பூட்டுக்கும் கண்ணாடிக்குமான வயர்களும், கார்ப்பெட்டுக்கு அடியில் போகும் கனெக்டர்களும் இருக்கின்றன. 12 வோல்ட் செத்தால் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் கார் நகராது.

அப்புறம், சின்ன மின்சாரக் கார்களுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. டாடா டியாகோவின் 175/65 ஆர்14 டயருக்குச் சக்கரத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 29 சென்டிமீட்டர் உயரத்தில் வரும். எம்ஜி காமெட்டின் டயர் 145/70 ஆர்12, அதில் 25தான். 'பாதிச் சக்கரம் வரை போகலாம்' என்று எல்லோரும் சொல்லும் கணக்கு காமெட்டில் 4 சென்டிமீட்டர் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் இரண்டிலுமே பாதிச் சக்கரம் அதிகம்தான், கதவின் அடி விளிம்பைத் தண்ணீர் தொடுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

மிதப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காமெட் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், எடை சுமார் 815 கிலோ. அடித்தளப் பரப்பு நாலரை சதுர மீட்டர் என்று வையுங்கள். அடித்தளத்துக்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீரும் 45 கிலோவைத் தூக்கும். 10 சென்டிமீட்டர் ஏறினால் பாதி எடை போய்விடும், டயரின் பிடிமானமும் பாதியாகக் குறையும். 18 சென்டிமீட்டரில், உள்ளே தண்ணீர் புகும்வரை, கார் படகுதான். டியாகோ கனமானது, ஆனால் பரப்பும் பெரியது என்பதால் கணக்கு பெரிதாக மாறாது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இந்த அளவுக்குக்கூடக் காத்திருக்காது. சென்னையின் துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் போன்ற சுரங்கப்பாதைகளில் மழை நேரத்தில் எந்தக் காரும் இறங்கவே கூடாது. அங்கே ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால், மூடி திறந்த மழைநீர் வடிகால்கள் ஓரத்தில்தான் அதிகம் என்பதால் சாலையின் நடுவிலேயே செல்லுங்கள். எதிரே கனரக வண்டி வந்தால் அது கடக்கும்வரை மேட்டில் நில்லுங்கள். வெளியே வந்ததும் பிரேக்கை நாலைந்து முறை மெதுவாக அழுத்திக் காயவிடுங்கள். மின்சாரக் காரில் இது இன்னும் முக்கியம், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுவதால் நிஜ பிரேக் நனைந்திருப்பதே நமக்குத் தெரியாது.

வண்டி மூழ்கிய பிறகு பெட்ரோல்காரர் கை ஓங்கும். தெருமுனை மெக்கானிக்கே பிரித்துப் பார்ப்பார். மின்சாரக் காரை நான்கு சக்கரமும் தரையில் படாமல் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் மின்காப்பைச் சோதிக்கும்வரை சார்ஜ் போடக்கூடாது. கடல்நீர் என்றால் ஆபத்து வேறு மாதிரி: 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலுக்குப் பின், உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில நாட்கள் கழித்துக்கூடத் தீப்பிடித்தன. கடலோரத்திலும் முகத்துவாரத்தின் அருகிலும் இருப்பவர்கள், நனைந்த காரை வீட்டை ஒட்டி நிறுத்தாமல் இருப்பது நல்லது.

ஆக, கணுக்கால் தண்ணீருக்கு என் ஓட்டு மின்சாரத்துக்கு. முழங்காலுக்கு இரண்டுக்கும் இல்லை, மேம்பாலத்துக்குத்தான். அதிலும் ஒரு விஷயம்: தரைத்தளத்தில் தண்ணீர் ஏறினால் முதலில் மின்சாரத்தைத்தான் நிறுத்துவார்கள், மிக்ஜாமின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் வரவில்லை. மழைக்கு முந்தின இரவே முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, அப்புறம் மேம்பாலம் ஏறுங்கள். திரும்பி நடக்கக் குடையும் ரப்பர் செருப்பும் டிக்கியில் இருக்கட்டும்.