கப்பலில் 4 இரவு: எந்தப் பெட்டி, எந்த மடிப்பு, எதை வீட்டில் விடுவது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து கப்பல் சுற்றுலா போகிறவர்களுக்குப் பொதுவாக இரண்டு வழி. காரில் புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையம் போய், அங்கிருந்து சிங்கப்பூர் பறந்து கப்பல் ஏறுவது ஒன்று. பல்லவன் ரயிலில் சென்னை போய், பருவத்தில் இலங்கைப் பக்கம் புறப்படும் கப்பலைப் பிடிப்பது மற்றொன்று. கப்பலில் பெரும்பாலும் எடை பார்ப்பதில்லை என்பது உண்மைதான். அதை நம்பி 28 அங்குலப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குகிறவர்கள் திருச்சியில் விமானக் கம்பெனியின் தராசு முன்னால்தான் விழித்து நிற்கிறார்கள். மலிவு விமானங்களில் கைப்பெட்டிக்கு 7 கிலோவோ 10 கிலோவோதான் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. கவுன்டரில் கட்டினால் இணையத்தில் முன்கூட்டிக் கட்டுவதைவிட அதிகம்.

நகரத்தார் கடல் கடந்து வியாபாரத்துக்கு, அதாவது கொண்டுவிற்கப் போன காலத்தில் டிரங்குப் பெட்டியைத் தூக்கக் கூலியாள் இருந்தார்; நாகப்பட்டினத்தில் ஏற்றினால் பினாங்கில் இறக்கிக் கொடுத்தார்கள். இன்று வாசல் திண்ணையிலிருந்து கப்பல் அறைக் கதவு வரை சுமக்கப் போவது உங்கள் தோளும் கையும்தான். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு ஒப்பீட்டிலும் 7 கிலோவே அளவுகோல்.

டிராலியா, முதுகுப்பையா?

கெட்டி ஓடு போட்ட டிராலி 20 அங்குலத்தில் வெறுமனே இரண்டரை முதல் 3 கிலோ வரை இருக்கும். 7 கிலோவில் அது போனால் மிஞ்சுவது 4. அதே இடம் கொள்ளும் 40 லிட்டர் முதுகுப்பை 1 முதல் ஒன்றரைக் கிலோ. உள்ளே 5½ கிலோவுக்கு மேல் வைக்கலாம். அந்த ஒன்றரைக் கிலோ வித்தியாசம் என்பது மூன்று சட்டை, ஒரு பேன்ட், ஒரு ஜோடி செருப்பு.

டிராலியின் பலம் அதன் சக்கரம். விமான நிலையத் தரையிலும் துறைமுக முனையத்திலும் சுகமாக உருளும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களின் செம்மண்ணிலும் சரளையிலும் உருளாது. பேருந்துப் படியிலும் ரயில் படியிலும் தூக்கத்தான் வேண்டும். மலிவான பெட்டியில் முதலில் உடைவது சக்கர அச்சு, அடுத்தது இழுக்கும் கைப்பிடியின் பூட்டு. வெளிநாட்டில் சக்கரம் கழன்றால் அந்தப் பெட்டி சுமைதான்.

முதுகுப்பையின் பலவீனம் வேறு. துணிப்பை என்பதால் திணிக்கத் திணிக்க வீங்கும். பல விமானங்களின் அளவு 55 × 35 × 25 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. முன்பக்க அறையில் ஒரு ஸ்வெட்டரைத் திணித்தால் 25 என்பது 30 ஆகிவிடும். வீட்டிலேயே சுவரோரம் நிமிர்த்தி வைத்து அளவுநாடாவால் அளந்துவிடுங்கள். மேலிருந்து மட்டும் திறக்கும் மலையேற்றப் பை வேண்டாம். பெட்டியைப் போல மூன்று பக்கமும் ஜிப் திறந்து விரிகிற வகைதான் கப்பல் அறைக்குத் தோது. அறை சின்னது, அதைக் கட்டில்மேல் விரித்து எடுத்துவிட்டுக் கட்டிலடியில் தள்ளிவிடலாம்.

60 வயதைத் தாண்டியவர்களுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் முதுகுப்பையைப் பரிந்துரைக்க மாட்டோம். அவர்களுக்கு 2 கிலோவுக்குள் வரும் துணி டிராலியே சரி. மற்றவர்களுக்கு முதுகுப்பை. 28 அங்குலப் பெட்டி, குடும்பத்துக்கே ஒன்று என்று வைத்தாலும் தோது இல்லை: நாலு பேர் சாமானும் ஒன்றில் இருந்தால் அது தாமதமாகும் நாளில் நாலு பேருக்கும் மாற்றுத்துணி இருக்காது.

துறைமுகத்தில் ஒப்படைப்பதா, கையோடு கொண்டு ஏறுவதா?

கப்பலுக்குப் புதியவர்கள் அதிகம் சிரமப்படும் இடம் இது. முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு, அறை எண் அட்டையைப் பார்த்து அவர்களே அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஸ்கேன் செய்து, தளம் தளமாகப் பிரித்து அனுப்ப வேண்டும். மதியம் ஒப்படைத்தது மாலையிலோ இரவுச் சாப்பாட்டு நேரத்திலோதான் வரும். அதுவரை நீச்சல் குளம் திறந்திருக்கும், உங்கள் நீச்சலுடை பெட்டிக்குள் இருக்கும். மருந்து உள்ளே மாட்டிக்கொண்டால் அது வெறும் சிரமம் அல்ல, ஆபத்து.

கைப்பை அளவு சாமானோடு போகிறவர் அப்படியே கொண்டு ஏறிவிடலாம். இறங்கும் நாளிலும் பல கப்பல்களில் சொந்தப் பெட்டியைத் தானே சுமந்து முதலில் இறங்கும் வரிசை உண்டு. அன்றே திரும்பும் விமானம் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு காரணமே சின்னப் பைக்குப் போதும்.

ஒப்படைத்தே ஆக வேண்டுமென்றால் தோளில் ஒரு சிறு பை தனியாக வேண்டும். பாஸ்போர்ட், பயணச்சீட்டு, அட்டையோடு கூடிய மருந்துகளும் மருத்துவர் சீட்டும், கண்ணாடி, சார்ஜர், நீச்சலுடை, ஒரு மாற்று உடை ஆகியவை அதற்குள். அறை எண் அச்சடித்த காகித அட்டையை வெறுமனே ஒட்டாமல், பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பிடியில் கட்டுங்கள். மழை நாளில் காகிதம் பிய்ந்த பெட்டி யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

மடிப்பா, சுருட்டா, காற்றெடுக்கும் உறையா?

சுருட்டினால் இடம் மிச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள். துணியின் கன அளவு சுருட்டுவதால் குறையாது. சுருள்கள் மூலை முடுக்குகளிலும் செருப்புக்குள்ளும் புகும், மேலேயே எல்லாம் தெரியும், ஒன்றை எடுக்க மற்றதைக் கலைக்க வேண்டாம், லாபம் அவ்வளவுதான். டி-ஷர்ட், உள்ளாடை, கைலி, நைலான் பேன்ட் எல்லாம் சுருட்டலாம். கஞ்சி போட்ட பருத்தியைச் சுருட்டினால் முறிவு முறிவாகக் கோடு விழும்.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு இது முக்கியம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலை முறுக்கேறிய தடித்த பருத்தி. ஒன்றே அரைக் கிலோவைத் தாண்டும். இரண்டு வைத்தால் கைப்பெட்டிக் கணக்கில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கப்பலுக்கு ஒன்று போதும், அதையும் கஞ்சி போடாமல் கொண்டு போங்கள். நீளவாக்கில் நாலாக மடித்து, நடுவே ஓர் ஈரிழைத் துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் தளர்வாகச் சுற்றினால் கூர்மையான மடிப்புக் கோடு விழாது. துண்டும் தனி இடம் கேட்காது. மற்ற மாலைகளுக்கு ஷிஃபான் அல்லது ஜார்ஜெட். எடை ஏறத்தாழ பாதி, கசங்கலும் குறைவு. மேல் தளத்தில் காற்று பலமாக அடிக்கும், மடிப்புக்கும் முந்தானைக்கும் ஊக்கு மறக்க வேண்டாம். ஆண்கள் வேட்டி கட்டுவதானால் ஒட்டிக்கோ வகை. விருந்து இரவுக்குக் கோட்டு சூட்டு என்றால் கோட்டு மட்டுமே முக்கால் கிலோ வரும். காலர் வைத்த முழுக்கைச் சட்டையும் முழு பேன்ட்டும் பெரும்பாலான உணவு அரங்குகளுக்குப் போதும். வேட்டிக்கு அனுமதி உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

காற்றெடுக்கும் உறைகளை இந்தப் பயணத்துக்குச் சொல்ல மாட்டோம். பருமன் பாதியாகும், எடை ஒரு கிராம்கூடக் குறையாது. இடம் இருக்கிறதே என்று இன்னும் நாலு துணி போவதுதான் நடக்கும், தராசு காட்டிக்கொடுக்கும். திரும்பும்போது காற்றெடுக்கக் கருவியும் இருக்காது. குளிர்நாட்டுக்குக் கம்பளி கொண்டுபோகிறவர்களுக்குத்தான் அது உதவும். ஜிப் வைத்த துணி உறைகள் இரண்டு இருந்தால் போதும்: ஒன்றில் துவைத்தது, ஒன்றில் அழுக்கு.

கசங்கினால் என்ன செய்வது? இஸ்திரிப் பெட்டியை அறைக்குள் அனுமதிக்க மாட்டார்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் 10 நிமிடம் தொங்கவிட்டால் ஜார்ஜெட்டும் பாலியஸ்டரும் நேராகிவிடும். பருத்தி அதற்கு மசியாது. கையால் லேசாகத் தண்ணீர் தெளித்து, இழுத்து நீவித் தொங்கவிட வேண்டும், அல்லது காசு கொடுத்துக் கப்பலிலேயே இஸ்திரி.

துவைப்பதா, கூடுதலாக எடுப்பதா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 4 இரவுக்கு உள்ளாடை 5 செட், மேலாடை 5. 7 இரவு என்றாலும் அதே அளவுதான், நடுவில் ஒரு நாள் துவைத்துக்கொள்ளலாம். துவைத்ததைத் துண்டில் வைத்துச் சுருட்டி மிதித்துப் பிழிந்து ஏசி காற்று படும் இடத்தில் போட்டால் நைலான் ஒரே இரவில் காயும். பருத்தி பனியன் மறுநாளும் ஈரமாக இருக்கும். பால்கனியில் உலர்த்தக் கூடாது, கடலுக்குப் போய்விடும். பருத்தி உடையோடு குளத்தில் இறங்கவும் விடமாட்டார்கள், ஆளுக்கொரு நைலான் நீச்சலுடை கட்டாயம்.

ஓர் ஆணுக்கு எடை போட்டுப் பார்த்தால்: பை 1.2 கிலோ, டி-ஷர்ட் மூன்றும் சேர்ந்து அரைக் கிலோ, சட்டை இரண்டும் சேர்ந்து 440 கிராம், ஒரு பேன்ட் 400, வேட்டி 350, உள்ளாடைகள் 600, கைலி 300, நீச்சலுடை 200, துண்டு 180, செருப்பு 500, குளியல் சாமான் 600, மருந்து 200, மின்சாதனம் 450, காகிதங்கள் 200. கூட்டினால் 6.1 கிலோ சொச்சம். ஷூவும் ஜீன்ஸும் உடம்போடு போகின்றன. கப்பலில் துண்டு தருவார்கள். தடித்த பூத்துவாலையை வீட்டில் விட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் சாமான் பரப்பும்போது சிட்டை (பட்டியல்) எழுதுகிற வழக்கம் இதற்கும் பொருந்தும்: பொருளுக்கு நேரே கிராமையும் எழுதி வையுங்கள்.

பலகாரம்: எதில், எது, எதுவரை?

ஆச்சிகள் பலகாரம் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் வேண்டாம். தூக்குச் சட்டி சின்னதே 300 கிராமுக்கு மேல். உருண்டை வடிவம் பைக்குள் இடத்தை வீணாக்கும். ஜிப் கவர் எடையே இல்லை, ஆனால் தேன்குழலும் கைமுறுக்கும் திருச்சி சேர்வதற்குள் தூளாகிவிடும். சதுரமான கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவே சரி. உள்ளே சீடை முதல் தேர்வு: உடையாது, கசியாது. மாவுருண்டையில் நெய் இளகிக் காகிதம் தாண்டிக் கசியும். அதிரசத்தில் எண்ணெய் விடும்.

வீட்டில் செய்த தின்பண்டத்தைப் பல கப்பல் நிறுவனங்கள் உள்ளே விடுவதில்லை. பிரிக்காத கடைப் பாக்கெட் என்றால் பொதுவாக விடுவார்கள். ஆக வீட்டுப் பலகாரம் ரயிலுக்கும் விமானத்துக்கும் சிங்கப்பூர் இரவுக்கும் மட்டும். அளவாகக் கட்டுங்கள், ஆளுக்கு 200 கிராம். காலியான டப்பா பிறகு ஈர நீச்சலுடைக்கு ஆகும்.

உப்புக்கண்டம் கண்டிப்பாக வேண்டாம். இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுவர சிங்கப்பூர் அனுமதிப்பதில்லை. கொப்பரை எண்ணெய்ப்பசையால் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மிளகாய்ப் பொடி, இட்லிப் பொடி வகைகளைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஊறுகாயும் நெய்யும் திரவக் கணக்கில் வரும்: புட்டி ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் உறைக்குள். அந்த உறையில் ஷாம்பூவுக்கும் பற்பசைக்கும் இடம் போக மிஞ்சுவது கொஞ்சமே. ஷாம்பூவைக் கட்டியாகவோ சாஷேயாகவோ வாங்கினால் அந்த இடம் ஊறுகாய்க்குக் கிடைக்கும்.

சார்ஜரும் பவர் பேங்கும்

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி. 100 வாட்-மணி வரம்புக்குள் வருகிறது, ஆனால் எடை 350 கிராமை ஒட்டி. 10,000 எம்ஏஎச் அதில் ஏறக்குறையப் பாதி எடை. தினமும் அறைக்குத் திரும்பும் பயணத்துக்குச் சின்னதே போதும். இரண்டும் கைப்பையில்தான் போக வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கப்பல்களில் ஸ்கேன் செய்யும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும் நாளில்தான் திரும்பும். கெட்டிலும் அப்படியே. பதிலுக்கு ஒரே சார்ஜரில் 2 அல்லது 3 யூஎஸ்பி துளை உள்ளது ஒன்று. கப்பல் அறையில் ஐரோப்பிய வகைத் துளை இருந்தால் நம் ஊர் மெல்லிய இரட்டை உருண்டைக் கம்பி பிளக் அதில் போகும். மூன்று கம்பி பிளக் போகாது. சிங்கப்பூர் விடுதியில் தட்டைக் கம்பி மூன்று. அதற்கு ஒரு மாற்றி வேண்டும். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நாலு ஒட்டினால் ஈரத்துண்டும் தொப்பியும் தொங்கும்.

கடைசி இரவு, பெட்டியை ஒப்படைத்து இறங்குபவர்கள் அதை அறை வாசலில் வைக்கச் சொல்லும் நேரத்துக்குமுன் மறுநாள் உடையையும் செருப்பையும் பாஸ்போர்ட்டையும் மருந்தையும் தனியே எடுத்து வைத்தாக வேண்டும். இரவு உடையோடு நின்றுவிட்டுக் காலையில் முனையத்தில் பெட்டியைத் தேடுகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. திரும்பும் விமானத்துக்குக் கை தராசு ஒன்று (100 கிராம்தான்) பையின் அடியில் இருக்கட்டும். சிங்கப்பூரில் வாங்கிய சாமானை அறையிலேயே நிறுத்துவிட்டுக் கிளம்பலாம்.