ஒத்தக்கடை பக்கம் 'கதிர்வீச்சு பில்டர்' விற்க வந்தால் கழிவுக்குழாய் எங்கே என்று கேளுங்கள்

28,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன் எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை. விற்கிற விதத்தைச் சொன்னாலே ஆளை அடையாளம் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டை கட்டிய பையன் ஒருவன் வந்தான். "அண்ணே, யானைமலையைப் பாருங்க, மொத்தமும் பாறை. பாறையில யுரேனியம் இருக்கும், அது உங்க போருக்குள்ள இறங்கும்" என்றான். அதில் பொய் இல்லை. கிரானைட்டில் இயற்கையாகவே யுரேனியம் சிறிதளவு உண்டு. நிலத்தடி நீரில் கரையவும் செய்யும். மேலூர் பக்கம் குவாரியில் கணக்கு எழுதினவன் நான், உடனே தலையாட்டிவிட்டேன்.

அப்புறம் கையடக்க மீட்டர் ஒன்றை எடுத்தான். எங்கள் தண்ணீரைச் சமையல் மேடையில் வைத்து மேலே காட்டினான்: டிக் டிக் டிக். அவன் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை மர ஸ்டூலில் வைத்துக் காட்டினான், சத்தம் குறைந்தது. அம்மா பயந்துபோய்க் குடத்துத் தண்ணீரையே கொட்டிவிட்டார். மேடை கிரானைட் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கல்லே கொஞ்சம் டிக்கத்தான் செய்யும். யுரேனியம் விடுவது ஆல்பா துகள், ஒரு தாள் குறுக்கே இருந்தாலே நின்றுவிடும். தண்ணீருக்குள்ளிருந்து அது மீட்டருக்கு எங்கே வரப்போகிறது? லேபில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

"மெம்பரேன் டெக்னாலஜிண்ணே, ஒரு சொட்டு வேஸ்ட் ஆகாது" என்றான். விழுந்தது அங்கேதான். பழைய ஆர்.ஓ. மெஷின் தள்ளும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துப் பிடித்து என் மனைவி அலுத்துப் போயிருந்தார்.

நாலு மாதம் கழித்து டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பார்த்தால் உள்ளே 860, வெளியே 850. போன் செய்தேன். "மினரல் அப்படியே இருக்கு சார், நல்லதுதான்." அண்ணன் அதற்குள் சார் ஆகியிருந்தேன். தெருமுனை மெக்கானிக் தம்பி மூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். கார்பன், யு.எஃப். என்கிற நுண்துளை வடிகட்டி, ஒரு யு.வி. விளக்கு, அவ்வளவுதான். ஆர்.ஓ.வுக்கு வேண்டிய பம்புகூட இல்லை.

யு.எஃப்.பும் மெம்பரேன்தான், அந்த அளவில் பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் அதன் துளை சுமார் 0.01 மைக்ரான். கலங்கலும் பாக்டீரியாவும் நிற்கும். கரைந்த உப்பும் யுரேனியமும் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். கரைந்ததைத் தடுப்பது ஆர்.ஓ. மெம்பரேன். நல்ல நிலையில் இருந்தால் யுரேனியம், ரேடியம் இரண்டிலும் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். பிடித்ததைக் கழிவுநீரோடு வெளியே தள்ளியாக வேண்டும். கழிவுக்குழாய் இல்லாமல் ஆர்.ஓ. கிடையாது. எதைப் பார்த்து மயங்கினேனோ அதுவே அத்தாட்சி. யு.வி. கிருமியை மட்டும்தான் கொல்லும். கொதிக்க வைத்தாலும் யுரேனியம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

மனசு கேட்காமல் யுரேனியம் பார்க்கிற லேப் ஒன்றைத் தேடி இரண்டு பாட்டில் அனுப்பினேன். பில்டருக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். இரண்டுமே அதற்குக் கீழே. இல்லாத நோய்க்கு, வேலை செய்யாத மருந்து வாங்கியிருக்கிறேன்.

பில்லில் "வாட்டர் பியூரிபையர் 1" என்று மட்டும் இருக்கிறது. கதிர்வீச்சு என்ற சொல் அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸில்தான் இருந்தது, நல்லவேளை அழிக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

போன வாரம் நரசிங்கத்தில் தங்கை வீட்டுக்கும் அதே பையன் போயிருக்கிறான். "ரெண்டு டம்ளரையும் ஒரே எடத்துல வச்சுக் காட்டுங்கன்னேன். போன் வந்துருச்சுன்னு கிளம்பிட்டான்ணே" என்றாள்.